ஒரு காய்க்கு இரண்டு எண்

கல்லுக்குள் இருந்த அந்தக் காயை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ ஒரு பச்சை மிளகுக் கொத்தைச் சேற்றில் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சுண்டுவிரல் நீளம் இருக்கும். நடுவில் ஒரு காம்பு, அதைச் சுற்றி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சின்னச் சின்ன விதைகள். கல் சாம்பல் நிறம், காய் கறுப்பு. என் மாமனார் அதை உள்ளங்கையில் வைத்து ஊதி, எச்சில் தொட்டுத் துடைத்து, "பாத்தியா? உங்கப்பன் ஒரு மாசமாத் தட்டுறான், ஒரு எலகூட வரல. எனக்கு ஒரே தட்டு" என்றார். அவர் வாயிலிருந்து நல்ல செய்திகூட இப்படித்தான் வரும்.

அது 1943. பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஜப்பான்காரர்கள் பகாங் காட்டுக்குள் போகும் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெயர்த்த இடத்தில், குன்றை வெட்டிய பக்கத்தில், இலையும் காயும் அச்சாகப் பதிந்த கற்கள் கிடைத்தன என்று கேள்விப்பட்டு ஒரு ஜப்பானிய ஆய்வாளர் அவற்றைச் சாக்குச் சாக்காக எங்கள் கொட்டகைக்கு வரவழைத்தார். ராணுவ உடுப்புப் போட்டிருந்தாலும் அவர் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவரைச் சென்செய் என்றுதான் எல்லோரும் கூப்பிட வேண்டும். வாத்தியார் என்று அர்த்தமாம். குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு கல்லை எடுப்பதென்றால் இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுப்பார். மனிதர்களை அப்படி எடுக்கத் தெரியவில்லை. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு கிராணி இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதியவர், இப்போது ஜப்பானிய மொழி படித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

வேலை தொடங்கிய நாளில் சென்செய் எங்களை வரிசையாக நிறுத்தி, தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்துக் காட்டினார். விசிறி போல் விரிந்து நடுவில் லேசாகப் பிளந்த மஞ்சள் இலை. "இது இச்சோ மரத்து எலையாம்" என்றார் கிராணி. "கிங்கோன்னு வெள்ளக்காரன் சொல்றான். இதுக்குப் பங்காளி, தாயாதி எல்லாம் எப்பவோ செத்து மண்ணாப் போச்சாம். இந்த ஒரு மரம்தான் மிச்சம் நிக்குதாம்லா." அதோடு விடவில்லை. அந்த மரத்தில் ஒரு காம்பில் இரண்டு விதை பிடிக்குமாம்; அதிலும் பெரும்பாலும் ஒன்று சூம்பிப் போய், ஒன்றுதான் பழுக்குமாம். எப்போதாவது ஒரு காம்பில் மட்டும் மூன்று, நான்கு, ஐந்து என்று தப்பாகப் பிடிப்பதுண்டாம். அந்தத் தப்பைத்தான் சென்செய் பிடித்துக்கொண்டிருந்தார். ஆதியில் இதன் முன்னோர்கள் ஒரே காம்பில் கொத்துக் கொத்தாக விதை விட்டிருக்க வேண்டும்; காலம் போகப் போக விதை குறைந்து, குறைந்த விதை பெருத்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதைக் காட்டும் கல் ஒன்று அவருக்கு வேண்டும். வெளியே ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று கால் வீங்கிக் கிடந்தது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

கல் பிளக்க எட்டு ஆண்கள். எட்டுப் பேர் கையிலும் ஜப்பானிய எழுத்து அச்சடித்த துணிப்பட்டை. அது இருந்தால் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். அப்போது லோரி வந்து தெருவை மறித்து, பாசாரிலும் கள்ளுக்கடையிலும் நிற்கிற தமிழனை அப்படியே ஏற்றிக்கொண்டு போகும். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனவர்களில் எங்கள் தெருவுக்கு ஒருவரும் திரும்பவில்லை. ராணுவத்துக்கும் ஆள் வேண்டும், சென்செய்க்கும் ஆள் வேண்டும். அதனால் அவர் ஒரு விதி செய்தார். ஒவ்வொருவரும் மாதம் ஒரு காயாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் பட்டையைக் கழற்ற வேண்டும். முதல் மாத முடிவில் இரண்டு பேர் கழற்றினார்கள். சென்செய் அந்தப் பட்டைகளை அழகாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

என் வேலை கல்லுக்கு எண் போடுவது. ஆறாவது வரை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டது மாமனார். வேலைக்கு ஒரு ஆள் கூடினால் வீட்டுக்கு அரிசி கூடும். என் கையெழுத்தில் அவர் கண்ட அழகு அவ்வளவுதான். கல்லைத் தண்ணீரில் நனைத்து நிழலில் வைப்பார்கள். எந்தக் கோட்டில் ஈரம் கடைசியாகக் காய்கிறதோ அங்கே உளியை வைத்துத் தட்டினால் கல் இரண்டாகத் திறக்கும். ஒரு பாதியில் காய் புடைத்திருக்கும். மறுபாதியில் அதே காயின் பள்ளம். இரண்டுக்கும் பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் ஒரே எண் போட்டு, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டி மேசைக்கு அனுப்ப வேண்டும். ஒரு காய், ஒரு எண், ஒரு பெயர்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் மாமனார், இன்னொருவர் என் அப்பா. மாமனார் கிள்ளானில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தியவர், கல் அவர் சொன்னபடி கேட்கும். அப்பா ரயில் பாதையில் வேலை பார்த்தவர். அவருக்கும் பெரிபெரி வந்து கால் வீங்கி, கண்ணும் மங்கிப்போயிருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் எனக்குக் கல்யாணம். அப்பா சீராகக் கொடுத்த கைக்கடிகாரம் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. மாமனார் அதைக் கழற்றவே இல்லை. நாலு பேர் இருக்கும்போது பார்த்து, கையைத் தூக்கி, "சம்பந்தி, மணி நாலே காலு. நேத்தும் நாலே காலு. நல்ல கடியாரம்" என்பார். அப்பா தலையைக் குனிந்து சிரிப்பார். பெண்ணைக் கொடுத்தவர் வேறு என்ன செய்வார்? எங்கள் வழக்கத்தில் பொருள் ஒரே திசையில்தான் போகும். தீபாவளிச் சீர், பொங்கல் சீர், பிள்ளைப்பேற்றுச் சீர் எல்லாம் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு. எதிர்த்திசையில் ஒரு தேங்காய் வந்தால்கூடத் தெருவே கூடிப் பேசும். நான் மாமனாரை வெறுத்தேன். இதை மறைத்து எழுத இது கல்யாணப் பத்திரிகை இல்லை.

இரண்டாம் மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அப்பா அந்த மாதம் ஒரு காய்கூட எடுக்கவில்லை. மாமனாருக்கே அதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குத்தான் அவர் கையில் அந்த மிளகுக் கொத்து திறந்தது. புடைத்த பாதியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளம் விழுந்த பாதியை என்னிடம் நீட்டினார். "இதுக்கு வேற நம்பர் போட்டு, உங்கப்பன் பேர்ல நாளைக்கு வை."

"மாமா, சென்செய்க்குத் தெரிஞ்சுபோனா?"

"தெரிஞ்சா மூணு பேரும் சேந்து சயாம் சுத்திப் பாக்கலாம். வையி புள்ள. ஆனா ஒண்ணு, நான் குடுத்தேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வை. சொல்லாம வைக்காத. சாவுற மட்டும் அவன் என் முன்னால குனிஞ்சுதான் நிக்கணும்."

அப்பாவிடம் சொன்னேன். "அவரு குடுத்து நான் வாங்கறதா?" என்றார். பிறகு தன் கையிலிருந்த பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "போடும்மா நம்பரு" என்றார். போட்டேன். ஒரே காய்க்கு இரண்டு எண், இரண்டு பெயர். அதன்பிறகு மத்தியானம் கிழங்கு தின்ன உட்காரும்போதெல்லாம் மாமனார், "என்ன சம்பந்தி, நான் குடுத்தது ஓடுதா? நின்னுடலியே?" என்று கேட்பார். மற்றவர்களுக்குப் புரியாது. அப்பா தன் பங்குக் கிழங்கை என் பக்கம் தள்ளிவிடுவார்.

இரண்டு வாரம்தான். சென்செய் ஒவ்வொரு காயையும் மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து வைப்பவர். ஒருநாள் காலையில் ஒரு தாளை எடுக்கும்போது அது கை தவறிப் புரண்டு, இன்னொரு படத்தின்மேல் விழுந்தது. இரண்டும் கோடு பிசகாமல் பொருந்தின. அவர் கற்களை எடுத்துவந்து முகத்தோடு முகம் சேர்த்தார். அவையும் பொருந்தின. கோபமே படவில்லை. எண் போட்டவளை வெளியே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். சேர்த்த கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கை தாழும்போதெல்லாம் காவல் நின்ற சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முழங்காலில் இடித்தான். உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவும் மாமனாரும் மேசைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்கள்.

சென்செய் மெதுவாகப் பேசினார். கிராணி சொன்னார்: "ஒரு காம்புல ரெண்டு இருந்தா ஒண்ணுதான் பழுக்குமாம். காய எடுத்தவரோட கை அவருக்கு வேணுமாம், அதனால அவரு இருக்கலாமாம். எடுக்காம அடுத்தவர்கிட்ட வாங்கி வச்சவரு நாளைக்கு ரயில் ஏறணுமாம். யாரு எடுத்தது?"

சென்செய் என்னைக் காட்டினார். எண் போட்டவளுக்குத் தெரியாமல் இருக்காதே. கிராணி என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். எனக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார். "என்னம்மா, பொண்ணு வீட்டுக்காரருதானே எடுத்திருப்பாரு? சம்பந்தி கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? பாதியக் குடுத்திருப்பாரு. அப்படித்தானே?"

என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. பொய்யை முழுதாக அவரே செய்து என் முன்னால் வைத்துவிட்டார். அப்பா தன் வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் என்னை நேராகப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன்.

அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அந்தச் சொல் வாயை விட்டுப் போனபோது எனக்கு இனித்தது. நாலே காலு, நாலே காலு என்று அவர் கை தூக்கிய அத்தனை நாளுக்கும் சேர்த்து இனித்தது.

சென்செய் சந்தேகப்பட்டார். மாமனாரைக் காட்டி, இவர்தானே நன்றாகப் பிளப்பவர், இவர் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டார். கிராணி சலிக்காமல் விளக்கினார்: தமிழர்களில் பெண்ணைப் பெற்றவர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மாப்பிள்ளையைப் பெற்றவர் வாங்கிக்கொண்டே இருப்பார், இதில் திறமைக்கு இடமில்லை. சென்செய்க்கு அது புதுச் செய்தி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்பா ஒருமுறை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். மாமனார் திடீரென்று சிரித்தார். "ஆமா கிராணி. பொண்ணு வீட்டுல வாங்கித் தின்னே வளந்த ஒடம்பு இது. நல்லா எழுதிக்கச் சொல்லு" என்று தானே பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மாற்றுத் துணி எடுத்துக்கொள்ள மாமனார் அன்று சாயங்காலம் சிப்பாய் காவலோடு வீட்டுக்கு வந்தார். என் கணவர் செந்தூல் பட்டறையில் வேலையில் இருந்தார், அவருக்குச் செய்தி போகவில்லை. அவர் அடுக்களைக்குள் போய் என் மாமியாரோடு சிறிது நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வரும்போது வாசலில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்கப்பன்கிட்ட சொல்லு, இவ்வளவு பெரிய சீரு எந்த மாப்பிள்ள வீட்டுக்காரனும் குடுத்ததில்லேன்னு" என்றார். மறுநாள் காலை ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

அவர் போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. சென்செய் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இந்தக் காய்களுக்கும் இச்சோவுக்கும் ஒரு உறவும் இல்லையாம். ஊசியிலை மரம் ஏதோ ஒன்றின் காயாம். சிரமம் கொடுத்ததற்காக எங்களுக்குத் தலை வணங்கினார். உண்மையாகவே வணங்கினார். மிச்சமிருந்த பட்டைகளையும் வாங்கிக்கொண்டு கொட்டகையை மூடினார். அதற்குள் சயாம் பாதை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது, ஆள் பிடிப்பதும் குறைந்துவிட்டது. அப்பா தப்பித்தார். நாற்பத்தைந்தின் தொடக்கத்தில் யார்டின்மேல் விழுந்த குண்டுகளில் கொட்டகையும் அதிலிருந்த கற்களும் போயின.

யுத்தம் முடிந்து, ரவாங்கைச் சேர்ந்த ஒருவர் சயாமிலிருந்து திரும்பி வந்தார். விலாவெலும்பை எண்ணலாம். மாமனார் இருந்த முகாமிலேயே இருந்தவர். "காலரா வந்துச்சு. வந்தவங்களத் தனிக் குடிசையில போட்டாங்க. ஒருநாள் குடிசையோட கொளுத்திட்டாங்க" என்றார். "அப்ப அவரு செத்துட்டாரா?" என்று என் கணவர் கேட்டார். வந்தவர் மாமியார் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். குடித்து முடித்து, "யாரும் உள்ள போயிப் பாக்கலண்ணே" என்றார்.

இப்போது கோலாலம்பூரில் எந்தச் சீனர் மருந்துக்கடையிலும் இச்சோக் கொட்டை கிடைக்கிறது. இனிப்புக் கஞ்சியில் போட்டுக் குடிக்கிறார்கள். நூலகத்தில் அந்த மரத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றையும் தேடிப் படித்தேன். உலகத்தின் வேறு மூலைகளில், வேறு பாறைகளில், அதன் பழைய உறவுகளின் காய்கள் அகப்பட்டிருக்கின்றன. ஒரே காம்பில் நெருக்கமாகப் பல சிறு விதைகள். பிந்திய பாறைகளில் எண்ணிக்கை குறைந்து, விதை பெருத்து வருகிறது. சென்செய் நினைத்தது சரி. அவர் எங்களிடம் கொடுத்த கல்தான் தப்பு. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டில் ஒன்று பழுக்க வேண்டும் என்பது மரத்தின் குணம். அதை இரண்டு மனிதர்களுக்கு விதியாக்கியது அவர். ஆளைக் காட்டிக் கொடுத்தது நான்.

மாமனார் இறந்த நாள் தெரியாததால், அவர் ரயில் ஏறிய ஆடி மாத நாளிலேயே வருஷா வருஷம் படையல் போட்டோம். அவருக்குப் புகைப்படம் கிடையாது. மடித்த வேட்டியை வைத்துத்தான் படைப்போம். அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு கட்டாயம் இருக்கும். மாமியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேட்டிக்கு முன்னால் படைத்த இலையை, மகனுக்குக்கூடக் கொடுக்காமல், அப்படியே எடுத்து என் அப்பாவுக்கு முன்னால் வைப்பார். "சம்பந்தி, நீங்கதான் மொதல்ல உக்காரணும்" என்பார். தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். என்ன பெரிய மனது, சம்பந்திக்கு எத்தனை மரியாதை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை, ஒரு வருஷம்கூட மறுத்ததில்லை. மாமியார் பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, அவருக்குப் புடிச்சது" என்று ஊற்றுவார். அப்பா நண்டின் ஒவ்வொரு காலையும் உடைத்துத் தின்று முடிப்பார். கை கழுவப் போனவர் கொல்லைப்புறம் குனிந்து நின்று வாந்தி எடுப்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். வயதாகிவிட்டது, நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷம் தின்றார். பிறகு ஒரு பங்குனியில் தூக்கத்திலேயே போய்விட்டார். என் மாமியார் அன்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். தன் புருஷன் போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை.

அந்த வருஷம் ஆடி வந்தது. படைத்து, சூடம் காட்டி முடித்ததும் மாமியார் வேட்டிக்கு முன்னால் இருந்த இலையை எடுத்தார். கூடத்தில் என் கணவரும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அப்பா உட்காரும் இடத்தில் இலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வா, உக்காரு."

"நானா அத்தே? அவங்க சாப்பிடட்டும். நான் அப்பறம்..."

அவர் என் காதருகே குனிந்தார். குரலில் கோபம் இல்லை. "உங்கப்பன் முடிஞ்ச மட்டும் தின்னுட்டாரு. மிச்சம் உனக்குத்தான். அன்னிக்கு அடுக்களையில உங்க மாமா எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான் போனாரு. யாரு எடுத்தது, யாரு குடுத்தது, நீ என்ன சொன்னே, எல்லாம். தான் மறுத்துப் பேசினா மூணு பேரையும் ஏத்திருவான்னுதான் சும்மா இருந்தாராம். புள்ளய வெரட்டிராத, பக்கத்துலயே வச்சுக்கன்னு சொன்னாரு. வச்சுக்கிட்டேன்ல?"

கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா சொல்றாங்கல்ல, உக்காரேன்" என்றார். உட்கார்ந்தேன். மாமியார் சோற்றைப் பரப்பி நண்டுக் குழம்பை ஊற்றினார். ஒரு நண்டை எடுத்து என் இலையில் வைத்து, நான் முழுவதும் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு இன்னொன்று வைத்தார்.

அவர் அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்.